ஓ.ஜே.: மேட் இன் அமெரிக்கா – ஏழே முக்கால் மணி நேரம் உட்காரலாமா?

உட்காரலாம். ஆனால் ஒரே நாளில் வேண்டாம். ஐந்து பாகம், 467 நிமிடம். எஸ்ரா எடெல்மன் இயக்கி 2016-ல் வந்த ஆவணப்படம், அடுத்த வருஷம் ஆஸ்கரும் வாங்கியது. முன்னாள் மனைவியையும் அவரது நண்பரையும் கொன்றதாக வழக்கில் நின்ற கறுப்பின அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சனின் கதை. யார் கொன்றது என்று துப்பறியும் ஆசையில் போட்டீர்கள் என்றால் வெறுத்துப்போவீர்கள், ஏனென்றால் கொலைக்கு வந்து சேரவே ரொம்ப நேரம் ஆகிறது.

அந்தத் தாமதம்தான் எனக்குப் பிடித்தது. 1995 அக்டோபர் 3 அன்று ஓ.ஜே. சிம்ப்சன் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு வந்தபோது கறுப்பர்கள் துள்ளிக் குதித்ததும் வெள்ளையர்கள் வாயடைத்து நின்றதும் டிவியில் எத்தனையோ தடவை காட்டியதுதான். இரண்டு பேரைக் கத்தியால் குத்திக் கொன்ற வழக்கில் கைதட்ட என்ன இருக்கிறது என்று தோன்றும். எடெல்மன் அதற்கு நேராகப் பதில் சொல்லாமல் லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸின் பழைய கணக்கை எடுத்து விரிக்கிறார். 1991 மார்ச்சில் ராட்னி கிங் என்ற கறுப்பரைப் போலீஸ் நடுரோட்டில் அடித்து நொறுக்கியது, அதை ஒருவர் வீடியோ எடுத்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, லடாஷா ஹார்லின்ஸ் என்ற 15 வயதுக் கறுப்பினப் பெண்ணை ஒரு ஆரஞ்சு ஜூஸ் பாட்டில் தகராறில் கடைக்காரம்மா பின்னந்தலையில் சுடுகிறார், ஜூரி (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) குற்றவாளி என்று சொன்ன பிறகும் நீதிபதி சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பும் 500 டாலர் அபராதமும் விதித்து விட்டுவிடுகிறார். 1992 ஏப்ரலில் கிங்கை அடித்த போலீஸ்காரர்களும் தப்பிக்கிறார்கள், ஊர் பற்றி எரிகிறது, அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டு நீதிமன்றத்துக்குள் போனால், இந்தக் கொலையை விசாரித்த மார்க் ஃபர்மன் என்ற போலீஸ் துப்பறிவாளர் கறுப்பர்களை இழிவாகப் பேசிய ஒலிநாடா ஓடும்போது ஜூரி என்ன நினைத்திருக்கும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. கிங்குக்குப் பழிவாங்கத்தான் ஜூரியில் பெரும்பாலோர் அப்படி முடிவெடுத்தார்கள் என்று ஒரு ஜூரரே கேமராவைப் பார்த்துச் சொல்கிறார். கொஞ்சமும் தயங்கவில்லை!

இதில் பெரிய வேடிக்கை, கறுப்பர்கள் யாருக்காகக் கொண்டாடினார்களோ அந்த ஆள் அவர்களோடு ஒட்டவே இல்லை. 1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் கறுப்பின வீரர்கள் இனவெறியை எதிர்த்து முஷ்டியை உயர்த்தி நின்ற அதே வருஷம், இவர் கல்லூரிக் கால்பந்தின் பெரிய விருதான ஹைஸ்மனை வாங்கிக்கொண்டு அந்தப் போராட்டத்துக்கே தள்ளி நின்றவர். அப்புறம் ஹெர்ட்ஸ் என்ற வாடகைக் கார் கம்பெனியின் விளம்பரம், வெள்ளைக்கார நண்பர்கள், கோல்ஃப். வழக்கின்போது ஜூரியை அவர் வீட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள் என்றதும் வக்கீல்கள் முன்கூட்டியே போய்ச் சுவரிலிருந்த வெள்ளை நண்பர்களின் படங்களைக் கழற்றிவிட்டுக் கறுப்பின முகங்களை மாட்டியிருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது வக்கீல் கார்ல் டக்ளஸ் முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது பாருங்கள், அந்த ஒரு இடத்துக்காகவே பார்க்கலாம். அரசுத் தரப்பில் வாதாடிய கறுப்பின வக்கீல் கிறிஸ்டோபர் டார்டனுக்கோ சொந்த மக்களிடமிருந்தே துரோகிப் பட்டம்.

குறை இல்லாமல் இல்லை. கொல்லப்பட்ட முன்னாள் மனைவி நிக்கோல் பிரவுன் இதில் அடி வாங்கியவராகவும் பிணமாகவும்தான் அதிகம் வருகிறார். அவரை அடித்ததற்காக 1989-லேயே போலீஸ் வீட்டுக்கு வந்தது, வழக்கானது, சிம்ப்சன் சமூக சேவையோடு தப்பித்தார். புகழ் ஒரு மனிதனை எப்படிக் காப்பாற்றும் என்பதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை, தோல் நிறத்தைப் பற்றி இவ்வளவு பொறுமையாகப் பேசுகிற படம் அங்கே இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். கூடவே கொல்லப்பட்ட நண்பர் ரானல்ட் கோல்ட்மன் நிலை இன்னும் மோசம், அவரது அப்பாவின் கோபம்தான் நினைவில் இருக்கிறது.

ஐந்தாம் பாகத்தில் லாஸ் வேகாஸ் கதை இழுக்கிறது. ஆனாலும் தவிர்க்காதீர்கள், 1997 சிவில் வழக்கில் வேறொரு ஜூரி அந்தச் சாவுகளுக்குச் சிம்ப்சனையே பொறுப்பாளி என்று சொன்னதும், 2008-ல் அந்த லாஸ் வேகாஸ் கொள்ளை வழக்கில் 33 வருஷத் தண்டனை கிடைத்ததும் அதில்தான் வருகின்றன.

அமெரிக்கக் கால்பந்து தெரியாவிட்டால் பரவாயில்லை, எனக்கும் தெரியாது. கொலை நடந்த இடத்துப் படங்களை மட்டும் மறைக்காமல் காட்டுகிறார்கள், வீட்டில் பிள்ளைகள் தூங்கிய பிறகு போடுங்கள்.