எச்.பி 3478ஏ மல்டிமீட்டர்: வாங்குமுன் பார்க்க வேண்டிய சுவிட்சுகள்

செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் ஐந்தரை இலக்க (ஐந்து முழு இலக்கமும், முன்னால் சில எண்களை மட்டும் காட்டும் ஒரு 'அரை' இலக்கமும்) பெஞ்ச் மல்டிமீட்டர்களில் இன்றும் கொடுத்த காசுக்கு நியாயம் செய்வது எச்.பி 3478ஏ. 1980களின் தொடக்கத்து டிசைன். 30 மில்லிவோல்ட் ரேஞ்சில் 100 நானோவோல்ட் வரை பிரித்துக் காட்டும், வயரின் ரெசிஸ்டன்ஸ் கணக்கில் சேராமல் அளக்கும் நாலு வயர் ஓம்ஸும் உண்டு. அளக்கும் திறனில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வதெல்லாம் அதன் சுவிட்சுகளில்தான்.

ரீடிங் நிலையில்லாமல் அலைகிறது, புரோபைத் தொட்டாலும் மாறவில்லை என்றால் உடனே கவரைக் கழற்ற வேண்டாம். முன்பக்கத்து ஃபிரண்ட்/ரியர் பட்டனைப் பாருங்கள். அது ரியரில் இருந்தால் மீட்டர் பின்பக்க டெர்மினல்களைத்தான் அளந்துகொண்டிருக்கும். 'ரிப்பேர்' என்று மலிவாக விற்கப்படுவதில் இப்படியும் ஒன்றிரண்டு வரும்.

பின்பக்கத்தில் இருக்கும் குட்டி டிப் சுவிட்சுகளின் வரிசை அடுத்தது. அதில் ஐந்து சுவிட்சுகள் ஜி.பி.ஐ.பி (மீட்டரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பஸ்) முகவரிக்கு. ஃபேக்டரி முகவரி 23, அதாவது 16, 4, 2, 1 நாலும் ஆன், 8 மட்டும் ஆஃப். 31 வைத்தால் மீட்டர் 'டாக் ஒன்லி', அதாவது ரீடிங்கை அனுப்ப மட்டும் செய்வது, ஆகிவிடும், கம்ப்யூட்டர் அனுப்பும் கட்டளை எதற்கும் அசையாது. இதே வரிசையில் 50/60 ஹெர்ட்ஸ் சுவிட்சும் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வரும் மீட்டர் பெரும்பாலும் 60இல்தான் இருக்கும். ஐந்தரை இலக்கத்தில் மீட்டர் பத்து மெயின்ஸ் சைக்கிள் நேரம் சேர்த்து அளக்கிறது. 60 ஹெர்ட்ஸ் கணக்கில் அது 166.7 மில்லிசெகண்ட், நம் 50 ஹெர்ட்ஸில் எட்டே கால் சைக்கிளுக்குச் சற்று மேல். முழு சைக்கிளாக முடியாததால் மெயின்ஸ் ஹம் (கரண்ட் லைனிலிருந்து கலக்கும் இரைச்சல்) கழிந்து போகாமல் கடைசி இலக்கங்களில் ஆடும். 50க்கு மாற்றினால் சரியாக 200 மில்லிசெகண்ட். மாற்றியபின் பவரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். மூன்றரை இலக்கத்தில் சேர்ப்பது பத்தில் ஒரு சைக்கிள்தான், அங்கே இந்த சுவிட்சால் பலன் இல்லை. 230 வோல்ட்டில் செருகுமுன் மெயின்ஸ் வோல்டேஜ் செட்டிங்கையும் ஃபியூஸ் ரேட்டிங்கையும் பார்க்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முன்பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் 'கால் எனேபிள்' (காலிபரேஷனை மாற்ற அனுமதிக்கும்) சுவிட்சை மட்டும் வாங்கியவுடன் தொடாதீர்கள். ரீடிங்கைத் துல்லியமாக்கும் காலிபரேஷன் எண்களெல்லாம் உள்ளே ஒரு சிமாஸ் ராமில் (பவர் போனால் அழிந்துவிடும் மெமரி), 3 வோல்ட் லித்தியம் பேட்டரியின் தயவில் இருக்கின்றன. சுவிட்ச் ஆஃபில் இருந்தால் எந்தக் கட்டளையாலும் அவற்றை மாற்ற முடியாது. பின்னால் வந்த எச்.பி மல்டிமீட்டரான 34401ஏ இதே வேலையை சாஃப்ட்வேர் செக்யூரிட்டி கோடு வைத்துச் செய்கிறது. கண்ணால் பார்த்து உறுதி செய்யக்கூடிய சுவிட்ச் அதைவிட மேல்.

இத்தனை வருடத்தில் அந்த பேட்டரி எப்போது வேண்டுமானாலும் போகலாம். மீட்டர் கைக்கு வந்ததும் முதல் வேலை ராமை பேக்கப் எடுப்பது. கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி-க்கும் மீட்டரின் ஜி.பி.ஐ.பி-க்கும் நடுவே இருக்க, ஆர்டுயினோவில் ஓடும் ஏ.ஆர்.488 அடாப்டரே போதும். 'டபிள்யூ' எழுத்தை அடுத்து 0 முதல் 255 வரை ஒவ்வொரு முகவரி பைட்டாக அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்து திரும்பி வரும். '@' முதல் 'ஓ' வரையிலான ஆங்கில எழுத்துகளைத் தவிர வேறு எது வந்தாலும் பேக்கப் தப்பு. தப்பு பெரும்பாலும் 10, 13, 27, 43 ஆகிய நாலு பைட்டுகளில்தான் நடக்கும். அடாப்டர் அவற்றைத் தனக்கு வந்த கட்டளையாக எடுத்துக்கொள்ளும், மீட்டருக்குப் போய்ச் சேராது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் எஸ்கேப், அதாவது 27 பைட்டைச் சேர்த்து அனுப்புங்கள். இரண்டு முறை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஃபைலை வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி போர்டில் சால்டர் செய்யப்பட்டிருக்கும். பழையதை எடுத்துப் புதியதை வைக்கும் நேரத்தில் எண்கள் அழியாமல் இருக்க வேண்டும். மெயின்ஸ் கேபிளைப் பிடுங்கிவிட்டு, தொடராக இணைத்த இரண்டு ஏஏ செல்லை ஒரு ஷாட்கி டயோடு (ஒரு பக்கம் மட்டும் கரண்ட் விடும், வோல்டேஜ் இழப்பு குறைந்த டயோடு) வழியாக பேட்டரி முனைகளுக்கு இணையாகக் கட்டுங்கள். டயோடு இல்லையென்றால் புது பேட்டரியும் ஏஏ செல்லும் ஒன்றையொன்று சார்ஜ் செய்யப் பார்க்கும். சால்டரிங் அயர்னையும் தொடும் நேரத்தில் பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மீண்டும் பழைய மாதிரி சால்டர் செய்வதைவிட சிஆர்2032 ஹோல்டர் வைப்பது நல்லது. இவ்வளவுக்குப் பிறகும் எண்கள் அழிந்திருந்தால், கால் எனேபிளை ஆன் செய்து 'எக்ஸ்' கட்டளையால் பேக்கப்பைத் திரும்ப எழுதலாம். முடிந்ததும் சுவிட்சை ஆஃபுக்குத் திருப்பி, செல்ஃப் டெஸ்ட் ஓகே வருகிறதா என்று பார்த்துவிட்டு, தெரிந்த ஒரு ரெஃபரன்ஸ் வோல்டேஜோடு சரிபாருங்கள்.