மரம் சாய்க்க எந்த ஆப்பு: பிளாஸ்டிக்கா, கட்டையா, இரும்பா?

மரம் அறுக்கும் செயின்சா மெஷினுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கூட ஆப்பு என்று வந்ததும் வீட்டு மூலையில் கிடக்கும் இரும்புத் துண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். நானும் அப்படிப் போனவன்தான். வேலியோரம் நின்ற வேம்பு. செயின் மாட்டாமல் இருக்கட்டும் என்று பின்வெட்டில், அதாவது மரம் விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போடும் வெட்டில், இரும்பு ஆப்பை இறக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் அறுக்கலாம் என்று மெஷினை உள்ளே விட்டேன். கிர்ரென்று ஒரு சத்தம், ஒரு பொறி. ஒரு பக்கப் பல் அத்தனையும் மழுங்கிப்போய், மத்தியானம் முழுக்க அரமும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். இரும்பு விறகு பிளக்கத்தான். செயின் ஓடும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை.

அலுமினியம் இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில். செயின் பட்டால் சேதம் குறைவுதான், ஆனாலும் பல் போகும். நான் வாங்கவில்லை.

பிளாஸ்டிக் ஆப்பில் செயின் பட்டால் ஆப்புதான் சீவிக்கொண்டு வரும், பல்லுக்கு ஒன்றும் ஆகாது. ஐந்தரை, எட்டு, பத்து அங்குலம் என்று கிடைக்கிறது. ஒல்லி மரத்துக்கு ஐந்தரையே போதும், நீளமானது உள்ளே போய், செயின் சுற்றி ஓடும் பாரில் முட்டிக்கொள்ளும். தலைப்பக்கம் ஒரு அங்குலம் தடிமன் இருந்தால் வெட்டு அதிகபட்சம் அவ்வளவுதான் திறக்கும், ஆனால் 60 அடி மரத்தில் மரம் மடங்கி விழ அறுக்காமல் கீலாக விட்ட பகுதிக்கும் ஆப்புக்கும் ஒன்றரை அடி இடைவெளி என்றால் அதற்கே உச்சி சுமார் 40 அங்குலம் நகரும். மரம் அதைவிட அதிகமாக எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் ஆப்பை நம்பாதீர்கள், கயிறு கட்டுங்கள்.

கட்டை ஆப்பு காசில்லாதது. காய்ந்த புளி, கருவேலம் நல்லது, நார் நீளவாக்கில் ஓட வேண்டும். பச்சைக் கட்டை நாலு தடவை அடித்தாலே நசுங்கிவிடும். மரத்தடியில் சிக்கிப் போனாலும் வருத்தமில்லை என்பதால் இரண்டு எப்போதும் பையில் இருக்கும். தென்னைக்கு மட்டும் எந்த ஆப்பும் சரிப்படாது, வெளியே கெட்டி, உள்ளே சோறு மாதிரி, அடிக்க அடிக்க ஆப்பு அதிலேயே புதைந்துவிடும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் யாரும் செய்வதுமில்லை. செயின் கடித்த பிளாஸ்டிக் நுனியை அரத்தால் இரண்டு பக்கமும் பழைய சரிவிலேயே ராவி எடுங்கள். மொட்டையாக விட்டால் அடிக்கும்போது வெளியே துள்ளும். எண்ணெய் ஒட்டியிருந்தாலும் அதே கதை, துடைத்துவிடுங்கள். வெயிலில் வண்டி மேலேயே போட்டுவைத்தால் நாளடைவில் வெடித்துப்போகும். இரும்பு ஆப்பின் தலை காளான் மாதிரி விரிந்துவிட்டால் அப்படியே அடிக்காதீர்கள், சில்லு பெயர்ந்து கண்ணுக்குத்தான் வரும், ஓரத்தைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும்.

அப்புறம் பட்டுப்போன மரம். அதில் ஆப்பு அடிக்கும் ஒவ்வொரு அதிர்வும் உச்சிவரை போகும், காய்ந்த கிளை எப்போது வேண்டுமானாலும் கழன்று விழும். ஒரு அடி, ஒரு தடவை மேலே பார்வை.