பெய்லிஃபிடம் தவணையா, 60 நாள் அவகாசமா?

இங்கிலாந்தில் கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வரி) பாக்கிக்கு பெய்லிஃப் (கடன் வசூல் அதிகாரி) கடிதம் வந்தால் இரண்டு வழி: அவரிடமே தவணை பேசலாம், அல்லது கடன் ஆலோசகர் மூலம் 'பிரீதிங் ஸ்பேஸ்' (வசூல் நடவடிக்கை நிற்கும் 60 நாள் அவகாசம்) கேட்கலாம்.

செலவு: 2014 விதிகள் கடிதக் கட்டத்துக்கு வைத்தது 75 பவுண்டு, வீடு தேடி வந்தால் மேலும் 235. பிரீதிங் ஸ்பேஸ் இலவசம். 60 நாள் புதுக் கட்டணம் ஏறாது. நடப்பு வரியை மட்டும் விடாமல் கட்டணும்.

ஆபத்து: வீட்டுக்குள் விட்டால், தவணைக்காக டிவி, சோபா என்று பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குவார். தவணை தவறினால் முன்னறிவிப்புக் கொடுத்துப் பூட்டை உடைத்தும் நுழையலாம். முதல் தடவை அந்த அதிகாரம் கிடையாது. அதனால் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே பேசுங்கள். (வாசலில் கார் நின்றால் சக்கரத்தைப் பூட்டிவிடுவார்!)

ஒரே பாக்கி, அடுத்த சம்பளத்தில் தீரும் என்றால் கடிதக் கட்டத்திலேயே தவணை. நாலு பக்கமும் கடன் என்றால் ஆலோசகர்தான்.