மிஸ்ஸிங்: இடம் மாற்றிப் பார்ப்பதா, செட்டாக மாற்றுவதா, கம்ப்ரஷன் பார்ப்பதா?

மிஸ்ஸிங் என்றால் ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது. பிளக்குக்கு ஒரு காயில் (ஸ்பார்க்குக்கான மின்சாரம் தருவது) என்று வரும் நாலு சிலிண்டர் பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். ஐடிலில் (நின்றபடி ஓடும்போது) உதறல், பிக்கப் இல்லை, ஸ்கேனரில் பி0302 என்ற கோளாறுக் குறியீடு. கடைசி எண்தான் சிலிண்டர், அதாவது இரண்டாவது. பி0300 வந்தால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் இல்லை. அப்போது முதலில் காற்றுக் கசிவையும் பெட்ரோல் பிரஷரையும் பாருங்கள். எஞ்சின் லைட் விட்டு விட்டு மின்னினால் வண்டியை ஓட்டவே கூடாது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதையும் கெடுத்துவிடும்.

செலவே இல்லாதது இடம் மாற்றும் வழி. இக்னிஷனை அணைத்து, 2-இன் காயிலை 3-இல் போட்டு, 3-இன் காயிலை 2-க்குக் கொண்டுவாருங்கள். ஸ்கேனரில் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டுங்கள். பி0303 ஆக மாறினால் காயில்தான். பி0302 அப்படியே நின்றால் அடுத்து பிளக்கை இதேபோல் மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் குறியீடு நகர்ந்தாலும் கெட்டது எது என்று தெரியாது. இதற்கும் நகரவில்லையென்றால் அடுத்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அதன் ரெசிஸ்டன்ஸ் 12 முதல் 16 ஓம் இருக்கும். இந்த வழியில் ஒரு ஓட்டை உண்டு: சில காயில்கள் சூடேறிய பிறகுதான் மிஸ் அடிக்கும். வாசலில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு முடிவு கட்டாதீர்கள்.

செட்டாக மாற்றுவதைப் பொறுத்தவரை, பிளக்குக்கு அது சரி. நாலும் ஒரே கிலோமீட்டர் ஓடியவை. காயிலுக்கு அது வீண்செலவு. அதைவிட, பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் டேப்பட் கவர் (எஞ்சினின் மேல்மூடி) கேஸ்கெட் போயிருக்கிறது. அதை விட்டுவிட்டு காயில் மட்டும் போட்டால் பிளக்கை மூடும் அதன் புது ரப்பர் உறையும் (பூட்) ஊறிக் கெடும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கீறியதுபோல் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடு தெரிந்தால் ஸ்பார்க் வெளியே கசிகிறது. பிளக்கோடு ரப்பர் உறையையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பழைய உறையில் இருக்கும் தடம் புது பிளக்கிலும் கோடு போடும்.

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க, ஓடும் எஞ்சினில் காயிலைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரே காயிலின் ஸ்பார்க்கை எல்லா பிளக்குக்கும் பிரித்துக் கொடுத்த டிஸ்ட்ரிபியூட்டர் காலத்தோடு அது போகட்டும். இன்ஜெக்டர் சாக்கெட்டைக் கழற்றினால் அதே பதில் கிடைக்கும், காயிலும் பிழைக்கும்.

கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கருவி) வைத்துப் பார்ப்பது எல்லோருக்கும் முதல் வேலை அல்ல. கூலன்ட் குறைகிறது, வெள்ளைப் புகை வருகிறது, அல்லது ஐடிலில் மட்டும் மிஸ் அடித்து வேகம் கூடினால் சரியாகிறது என்றால் நேராக இதற்கே வாருங்கள். எல்லா பிளக்கையும் கழற்றி, இன்ஜெக்டர், காயில் சாக்கெட்டுகளையும் பிரித்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துச் சுழற்ற வேண்டும். உச்ச அளவைவிட ஒரு சிலிண்டர் கால் பங்குக்கு மேல் குறைந்தால் கோளாறு உள்ளேதான். அதில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள்: ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கு நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்.