கால் நரம்பு சுருட்டலுக்கு ஊசியா லேசரா? ஒரே சேலை செக்‌ஷன்ல ரெண்டு பேர் செஞ்சு பாத்தது

பாலக்காட்டுல ஒரு ஜவுளிக்கடையில பதினாலு வருஷமா சேலை செக்‌ஷன்ல நிக்கிறேன். நிக்கிறேன்னா நெசமாவே நிக்கிறதுதான், காலைல ஒம்பதரைல இருந்து ராத்திரி எட்டு வரைக்கும். வீடு வேலந்தாவளம் பக்கம், இந்தப்பக்கம் ஏறுனா பாலக்காடு, அந்தப்பக்கம் ஏறுனா கோயம்புத்தூர். கடையில உக்கார இடம் தரணும்னு கேரளாவுல 2018லயே சட்டம் வந்துருச்சு, தமிழ்நாட்டுல 2021ல வந்துச்சு, எங்க கடையிலயும் ஸ்டூல் இருக்கு. ஆனா ஓணம் கூட்டத்துல ஸ்டூல்ல உக்காந்து யாருக்குங்க பட்டு விரிச்சுக் காட்ட முடியும்?

எனக்கு இடது கால்ல தொடை வெளிப்பக்கமும் முட்டிக்குப் பின்னாடியும் சிலந்தி வலை மாதிரி செவப்பும் நீலமுமா கோடு, கூடவே கெண்டைக்கால்ல பச்சையா ஒரு வளைவு. என் பக்கத்து கவுண்டர்ல நிக்கிற சேச்சிக்கு வலது கால் முழுக்க கயிறு மாதிரி புடைச்சு, சாயங்காலம் ஆனா கணுக்கால் வீங்கிரும். அவங்க லேசர் பண்ணிக்கிட்டாங்க, நான் ஊசி போட்டுக்கிட்டேன். இப்ப கடையில யாருக்கு கால் வலிச்சாலும் எங்க ரெண்டு பேர்கிட்டதான் எது நல்லதுன்னு கேக்குறாங்க, அதான் எழுதி வச்சிரலாம்னு. நான் ஊசி கட்சி, அதை மொதல்லயே சொல்லிடுறேன்.

நாம நரம்புன்னு சொல்றது நரம்பே இல்ல, ரத்தத்தை மேல தூக்கிட்டுப் போற குழாய். உள்ள சின்னச் சின்ன வால்வு இருக்கு, அது ஒழுங்கா மூடலைன்னா ரத்தம் கீழயே தேங்கி குழாய் வீங்கி சுருளும். ஒரு மில்லிமீட்டருக்கும் சன்னமா இருந்தா சிலந்திக் கோடு, மூணு மில்லிமீட்டரும் அதுக்கு மேலயும் இருந்தா வெரிகோஸ். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான்.

மொத்த முடிவும் ஒரே ஒரு ஸ்கேன்லதான் இருக்கு, டாப்ளர், குழாய்ல ரத்தம் எந்தப்பக்கம் ஓடுதுன்னு காட்டுறது. அதையும் நிக்க வச்சு எடுக்கணும். எனக்கு மொதல்ல ஒரு இடத்துல (பேர் வேண்டாம்) படுக்க வச்சு ரெண்டு நிமிஷத்துல தேச்சுட்டு நார்மல்னு எழுதிக் குடுத்துட்டாங்க. படுத்தா ரத்தம் கீழ தேங்கவே தேங்காது, அப்புறம் எப்படி லீக் தெரியும்? ரெண்டாவது இடத்துல ஒரு சின்ன மரப்படி மேல ஏத்தி நிக்க வச்சு, இடது கால்ல பாரம் போடாம லேசா மடக்கச் சொல்லி, ஜெல்லைத் தடவி கெண்டைக்காலை ஒரு அழுத்து அழுத்தி விட்டாங்க. அழுத்துறப்ப மெஷின் உஸ்ஸுன்னுச்சு, விட்டதும் அமைதி. அந்த அமைதிதான் வேணும். விட்டதுக்கப்புறமும் அரை செகண்டுக்கு மேல ரத்தம் கீழ திரும்பி வந்தா அந்தக் குழாய் லீக். எனக்கு தொடை இடுக்குல இருந்து கணுக்கால் வரைக்கும் போற பெரிய குழாய் சுத்தமா இருந்துச்சு, வெளிக் கிளைங்க மட்டும்தான் கெட்டிருந்துச்சு. சேச்சிக்கு இடுக்குலயே லீக்.

சேச்சி ஒரு தப்பு பண்ணாங்க. ஸ்கேனே எடுக்காம ஒரு அழகு கிளினிக்ல போய் சிலந்திக் கோட்டுக்கு மட்டும் நாலு சிட்டிங் ஊசி போட்டுக்கிட்டாங்க. எட்டே மாசம், எல்லாம் திரும்பி வந்துருச்சு, கூட புதுசா ரெண்டும் வந்துச்சு. மேல தொட்டி ஒழுகுறப்ப கீழ தரையைத் துடைச்சு என்ன பண்றது. அப்புறம்தான் டாப்ளர், அப்புறம்தான் லேசர். ஊசி வேஸ்டுன்னு இன்னைக்கும் அவங்க சொல்றது அந்தக் கோவத்துலதான், ஊசி மேல தப்பில்ல.

சேச்சியோட லேசர் தோல் மேல அடிக்கிற லைட் இல்ல, முட்டிக்கிட்ட ஒரு ஓட்டை போட்டு குழாய்க்குள்ள ஒயர் மாதிரி ஒண்ணை இடுக்கு வரைக்கும் ஏத்தி, சூடு குடுத்துக்கிட்டே இழுத்து அந்தக் குழாயை உள்ளயே மூடிடுறது. ரேடியோ அலைல பண்றதும் இதே மாதிரிதான், அதுல 120 டிகிரி வரைக்கும் சூடு போகும். சூடு வெளிய சுடாம இருக்க குழாயைச் சுத்தி மரத்துப்போற மருந்து கலந்த தண்ணியை ஊசியால ஏத்துறாங்க, லேசரை விட அந்த ஊசிங்கதான் வலிச்சுச்சுன்னு சேச்சி சொன்னாங்க. அன்னைக்கே நடந்து வீட்டுக்கு வந்துட்டாங்க, ஆனா தொடைல உள்ள கயிறு கட்டி இழுக்குற மாதிரி ரெண்டு வாரம், அஞ்சு நாள் லீவு. தோல் மேல அடிக்கிற லேசர் வேற, நம்ம மாநிறத் தோலுக்கு அது சூடுபட்டு தழும்பாக வாய்ப்பு அதிகம், கால்ல இருக்கிற சிலந்திக் கோட்டுக்கு பொதுவா ஊசிதான் மொதல்ல. பழைய ஆபரேஷன், அதான் இடுக்குல வெட்டி குழாயை உருவி எடுக்கிறது, எங்க மாமியாருக்கு பண்ணது. முதுகுல ஊசி போட்டு மரக்க வச்சு ரெண்டு வாரம் படுக்கை, அதுல நான் போகவே மாட்டேன்.

என் கதை கோயம்புத்தூர்ல. மருந்து பேரு பாலிடோகனால், ஆதியில மரத்துப்போறதுக்குன்னு கண்டுபிடிச்சது, அதனால ஊசி அவ்வளவா வலிக்கல, கொசு கடிச்ச மாதிரி, கொஞ்ச நேரம் அரிப்பு. சிலந்திக் கோட்டுக்கு மருந்தை அப்படியே தண்ணியா போட்டாங்க, கெண்டைக்கால் வளைவுக்கு மட்டும் நுரை. அந்த நுரையை என் கண்ணு முன்னாடியே பண்ணாங்க. ரெண்டு சிரிஞ்சை ஒரு சின்ன குழாயில எதிர் எதிரா மாட்டி, ஒண்ணுல ஒரு பங்கு மருந்து, இன்னொண்ணுல நாலு பங்கு காத்து, இருவது தடவை அங்கயும் இங்கயும் தள்ளுனாங்க, ஷேவிங் க்ரீம் மாதிரி வெள்ளையா ஆயிருச்சு. நுரை உள்ள போனா ரத்தத்தைத் தள்ளிட்டு சுவரைத் தொடும், சுவர் புண்ணாகி ஒட்டிக்கும், அப்புறம் உடம்பே மெதுவா அதைக் கரைச்சிரும். ஊசி ஏறுறப்ப நீலக் கோடு ஒரு நொடில அழிஞ்சு வெள்ளையாச்சு பாருங்க, சாக்பீஸ் கோட்டை ஈரத்துணியால துடைச்ச மாதிரி. முடிஞ்சதும் பஞ்சு, டேப், மேல காலை இறுக்கிப் பிடிக்கிற ஸ்டாக்கிங்ஸ், உடனே எந்திரிச்சு அரை மணி நேரம் நடங்கன்னு அனுப்பிட்டாங்க. உக்கடம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்தேன், மறுநாள் கடைக்கும் போயிட்டேன்.

சம்பளக்காரங்க பாக்க வேண்டியது இதைத்தான், பின்னாடி எவ்வளவு பாடுன்னு. லேசர்னா ஒரே நாள்ல பெரிய தொகை, ஒரே தவணை லீவு. ஊசின்னா சின்னச் சின்னதா. எனக்கு மூணு சிட்டிங், அஞ்சாறு வாரம் இடைவெளி விட்டு, ஒரு சிட்டிங்குக்கு நாலாயிரத்து சொச்சம், லீவு மொத்தம் மூணே நாள். ஸ்கூல் யூனிஃபார்ம் சீசன் முடிஞ்சு ஜூன் கடைசில ஒண்ணு, கர்க்கடக (நம்ம ஆடி) மழையில ஒண்ணு, ஓணம் முடிஞ்ச மறு வாரம் ஒண்ணுன்னு கடையோட காலண்டரைப் பாத்து வச்சுக்கிட்டேன். லேசர் போட்டா இந்த ஊசிப் பாடே இல்லைன்னு நினைக்காதீங்க, சேச்சிக்கு பெரிய குழாய் மூடுனதுக்கப்புறம் கீழ மிச்சம் இருந்த கிளைங்களுக்கு ரெண்டு சிட்டிங் நுரை ஊசி போட்டுத்தான் முடிச்சாங்க.

ஸ்டாக்கிங்ஸ் ரெண்டுக்கும் உண்டு. பாலக்காட்டு வெயில்ல, அதுவும் மார்ச் ஏப்ரல்ல 40ஐத் தொடுறப்ப, தொடை வரைக்கும் இறுக்கமான துணியை சேலைக்குள்ள மாட்டிட்டு நிக்கிறது இருக்கே, ஊசி வலியெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. அதனாலதான் ஆரம்பிச்சதையே மழைக்காலத்துல வச்சேன். காலைல வீக்கம் ஏறுறதுக்கு முன்னாடி கட்டில்ல இருந்து எறங்காமலே மாட்டணும், அளவும் காலைலயே குடுக்கணும், சாயங்காலம் குடுத்தா பெருசா எடுத்துருவாங்க. பாதத்துல ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டி அது மேல ஸ்டாக்கிங்ஸை ஏத்தி அப்புறம் கவரை விரல் பக்கமா உருவிட்டா வழுக்கிட்டுப் போயிரும், விரல் திறந்த மாடல்னா மட்டும்தான் இது நடக்கும். மேல் விளிம்பு சுருண்டா உடனே நீவி விடுங்க, கயிறு கட்டுன மாதிரி ஆயிரும். கையால துவைச்சு நிழல்ல காயப் போடணும், என்ன பண்ணாலும் ஆறு மாசத்துல பிடி போயிரும், அது வேற செலவு. எனக்கு ஒவ்வொரு சிட்டிங்குக்கும் ரெண்டு வாரம் போட்டுக்கச் சொன்னாங்க, வேலை நிக்கிற வேலைங்கறதால கடைல மட்டும் முட்டி வரைக்கும் உள்ளது இன்னும் போடுறேன்.

ஊசியோட குறையையும் சொல்லணும். ஊசி போட்ட கோட்டு மேலயே பழுப்பா கறை வரும், ரத்தத்துல இருக்கிற இரும்பு தோல்ல தங்குறது அது. எனக்கு முட்டிக்குப் பின்னாடி விரல் நீளத்துக்கு ஒண்ணு பத்து மாசமாகியும் இருக்கு, வெளுத்துக்கிட்டே வருது, போகல. கெண்டைக்கால்ல கெட்டியா ஒரு முடிச்சு வந்துச்சு, தேங்குன ரத்தத்தை டாக்டர் சின்ன ஊசியால குத்தி எடுத்து விட்டார், அன்னைக்கே வலி போச்சு. மருந்து குழாய்க்கு வெளிய கசிஞ்சா புண்ணாகலாம், நுரை போட்டவங்களுக்கு சில சமயம் கண்ணுல மின்னல் மாதிரி வந்து போகும். ரத்தக்கட்டி முன்னாடி வந்திருந்தாலோ, கர்ப்பமா இருந்தாலோ, கருத்தடை மாத்திரை எடுத்தாலோ மறைக்காம சொல்லிருங்க. பிரசவத்துல வந்த கோடுன்னா சில மாசத்துல தானாவே வாடலாம், அவசரப்பட வேண்டாம்.

பெரிய குழாய் லீக்குக்கு நானே லேசர் பக்கம்தான் கை காட்டுவேன். பிரிட்டன்ல 798 பேரை வச்சு நுரை ஊசி, லேசர், ஆபரேஷன் மூணையும் ஒப்பிட்டாங்க, 2019ல வந்த அஞ்சு வருஷ ரிசல்ட்ல நுரைதான் பின்தங்குச்சு. என்னோடது பத்து மாச அனுபவம், அதுவும் பெரிய குழாய் நல்லா இருந்த கால். இன்சூரன்ஸ் வச்சிருக்கிறவங்க பாலிசியை எடுத்துப் படிங்க, வெரிகோஸுக்கு ரெண்டு வருஷ காத்திருப்புன்னு நிறைய பாலிசில இருக்கும், சிலந்திக் கோட்டு ஊசியை அழகுக்குன்னு சொல்லி தள்ளிருவாங்க.

கடைல எண்ணெய், கஷாயம், அட்டை விடுறதுன்னு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னாங்க. சகசராதி தைலம் நானும் தேச்சேன், சாயங்கால கடுப்பு குறைஞ்சுச்சு, கோடு அப்படியேதான் இருந்துச்சு.

வருஷத்துக்கொரு டாப்ளர்னு சொல்லியிருக்காங்க. சேச்சியும் நானும் ஒரே நாள் லீவு கேட்டிருக்கோம், யூனிஃபார்ம் சீசன் முடியட்டும்னு மேனேஜர் சொல்லிட்டார். போறப்ப ரெண்டு பேருக்கும் புது ஸ்டாக்கிங்ஸ் வாங்கணும், காலைல மொத பஸ்ஸுல போனாத்தான் வீக்கம் ஏறுறதுக்குள்ள அளவு குடுக்க முடியும்.