47,200 ரூபாய்க்கு ஒரு ஸ்பைரல் புத்தகம்: ‘சான்ஸ் ரிப்போர்ட்’ வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ரிப்போர்ட் கைக்கு வந்து நாலு நாள் ஆகிறது, இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. பிளஸ் டூ பிள்ளையை அமெரிக்காவில் படிக்க வைக்க நினைக்கும் மதுரைக்காரர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

பெயர் போடவில்லை. ஏசி போட்ட மாடி, வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் அலுவலகம், அவ்வளவுதான். எந்த யுனிவர்சிட்டியில் உங்கள் பிள்ளைக்கு எத்தனை சதவீதம் சான்ஸ் என்று கணித்துத் தருவார்களாம். கட்டணம் 40,000, ஜிஎஸ்டி 7,200. மொத்தம் 47,200. எனக்கு விளக்குத்தூண் பக்கம் சின்ன லைனிங் துணிக்கடை. தீபாவளிச் சரக்குக்கு வைத்திருந்த சீட்டுப் பணம் அது.

என் மகள் இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமநத்தம் கண்மாய்க்குப் போய்ப் பறவைகளை எண்ணுகிறாள். நாமக்கோழி இத்தனை, புள்ளிமூக்கு வாத்து இத்தனை, தண்ணீர் எந்தக் கல் வரை என்று ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதி வைப்பாள். நானே “இதுல மார்க் வருமா?” என்று கேட்டவன்தான். அந்த ஆலோசகர் மட்டும் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். போன் அடித்தது, எடுக்கவில்லை. ஓரிடத்தில் விரலை வைத்து, “இந்த மாசம் ஏம்மா வாத்து குறைஞ்சிருக்கு?” என்றார். “மீன் பிடிக்கத் தண்ணிய வடிச்சுட்டாங்க சார்.” அவர் என் பக்கம் திரும்பி, “அண்ணே, இந்த நோட்டு ஒண்ணு போதும்ணே” என்றார்.

அங்கேதான் விழுந்தேன். பாப்பா முகத்தைப் பார்த்தேன், ரசீதைப் பார்க்கவில்லை. 47,200-ஐ அப்படியே ஜிபே போட்டேன். ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று நோட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

15 நாளில் என்றது 36 நாள் ஆனது. வழவழ தாள், கலர் கலராக வட்டங்கள், 34 பக்கம். எம்.ஐ.டி. 68 சதவீதம், ஸ்டான்ஃபோர்டு 61. (எம்.ஐ.டி. என்றால் கலாம் படித்த நம் குரோம்பேட்டை இல்லை, மசாசூசெட்ஸில் இருப்பது.) வீட்டில் கேசரி கிண்டினார்கள். ராத்திரி பாப்பாதான் மெதுவாக வந்து கேட்டாள்: “அப்பா, அங்க நூறு பேர் அப்ளை பண்ணா அஞ்சு பேரைக்கூட எடுக்கறதில்லையாம். வெளிநாட்டுப் பிள்ளைகன்னா அதுலயும் கம்மியாம். எனக்கு மட்டும் எப்படிப்பா 68?”

அப்புறம் 11-ஆம் பக்கத்தைக் காட்டினாள். மாணவரின் மாநில அளவிலான நீச்சல் பதக்கங்கள் பெரிய பலம் என்று இருந்தது. வைகையில் கால் நனைத்ததோடு சரி, என் மகளுக்கு நீச்சலே தெரியாது. அமெரிக்கக் காலேஜில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வில் மதிப்பெண் 1480-ஆம். எம்.ஐ.டி.க்கு விண்ணப்பிக்க எஸ்.ஏ.டி.யோ அதே மாதிரித் தேர்வான ஏ.சி.டி.யோ கட்டாயம், இவள் இன்னும் இரண்டையும் எழுதவே இல்லை. யாரோ ஒரு பையனின் ரிப்போர்ட்டில் முதல் பக்கத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பறவை நோட்டைப் பற்றி 34 பக்கத்தில் ஒரு வரி கிடையாது.

என் வருமானத்தையும் கேட்கவில்லை. உதவித்தொகை கேட்கிறார் என்பதற்காக வெளிநாட்டு மாணவரை எம்.ஐ.டி., ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஒதுக்குவதில்லை. ஸ்டான்ஃபோர்டில் அதையும் கணக்கில் எடுத்துத்தான் முடிவு செய்கிறார்கள். உதவி இல்லாமல் நான் விமான டிக்கெட்கூட வாங்க முடியாது. இதைக் கேட்காமல் அந்த 61 எங்கிருந்து வந்தது?

போன் செய்தேன். “சாஃப்ட்வேர் போட்ட கணக்கு சார், நாங்க மாத்த முடியாது” என்றாள் ரிசப்ஷன் பெண். மறுநாள் “சார் சென்னை போயிருக்கார்.” வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. நேரில் போனபோது சென்னை போன சார் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தார். “ரிப்போர்ட் குடுத்துட்டோம்ல அண்ணே, சர்வீஸ் முடிஞ்சிருச்சு. 1,20,000 பேக்கேஜ் எடுங்க, உங்க 47,200-ஐக் கழிச்சுக்கறேன்.” ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு, கையால் எழுதிய வெள்ளைச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். அதில் ஜிஎஸ்டி நம்பரே இல்லை. அப்போ அந்த 7,200 யாருக்குப் போனது?

விவரமாக எழுத உட்கார்ந்தேன், கடை திறக்க நேரமாகிவிட்டது. ஒரு பிள்ளைக்கு இத்தனை சதவீதம் என்று நம்பர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எத்தனை பேர் விண்ணப்பித்து எத்தனை பேரை எடுத்தார்கள் என்பதை அந்த யுனிவர்சிட்டிகளில் பலவும் ‘காமன் டேட்டா செட்’ என்ற பெயரில் இலவசமாகவே போடுகின்றன. பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடியுங்கள், நானும் இன்று அடிக்கப் போகிறேன். ஒரிஜினல் எதையும் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.

நோட்டைக் கேட்டால் “ஸ்கேனிங்ல இருக்கு” என்கிறார்கள். இந்த ஞாயிறு பாப்பா என் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில்தான் வாத்துக் கணக்கு எழுதிக்கொண்டு வந்தாள். நாளைக்கு மறுபடி அந்த மாடி ஏறுகிறேன். 47,200-ஐத் தராவிட்டாலும் நோட்டை வாங்காமல் இறங்குவதாக இல்லை.