சனிக்கிழமை ஆப்பிரிக்கா வகுப்பு: காசு கொடுத்துப் போகலாமா?

திருப்பூரில் ஒரு சர்ச் ஹாலில் சனிக்கிழமை சாயங்காலம் ஆப்பிரிக்காவில் கிறித்தவம் வளர்ந்த வரலாற்றை வகுப்பாக எடுக்கிறார்கள். முழுசாக உட்கார்ந்து முடித்துவிட்டேன். குறையும் சொல்லப்போவதால் எந்த சர்ச் என்று எழுதவில்லை, காதர்பேட்டைப் பக்கம் விசாரித்தால் சொல்லிவிடுவார்கள். மொத்தக் கட்டணம் 500 ரூபாய், நோட்ஸ், டீ, தேங்காய் பன் எல்லாம் அதிலேயே அடக்கம். எந்த மதத்துக்காரரும் வரலாம், வந்தவர்களை மாற்றுகிற பேச்சே கிடையாது. எங்கள் வீட்டிலேயே அந்தச் சந்தேகம் வந்ததால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகலாமா என்றால் தாராளமாகப் போகலாம். ஆனால் முதல் பாதிக்கு மட்டம் போட்டுவிட்டு ரெண்டாம் பாதிக்கு மட்டும் போனாலும் காசுக்கு நஷ்டமில்லை.

நேரம்தான் முதல் கோளாறு. திருப்பூரில் சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு வகுப்பு வைக்கலாம் என்று யாருக்குத் தோன்றியதோ! பனியன் கம்பெனிகளில் அன்றைக்குத்தான் வாரச் சம்பளம். டைலரும் கட்டிங் மாஸ்டரும் கவரை வாங்கிக்கொண்டு, மளிகைக்கடை பாக்கியைத் தீர்த்துவிட்டு ஏழு மணிக்கு உள்ளே வருகிறார்கள், அதற்குள் முக்கால்வாசி பாடம் போய்விடுகிறது. ஞாயிறு மத்தியானம் வையுங்கள் என்று சொல்லிப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை ஹாலை விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்களாம். சரி, அவர்களும் கரண்ட் பில் கட்ட வேண்டுமே.

பாடம் எடுப்பவர் காலேஜில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர், எல்லோரும் ஐயா என்றே கூப்பிடுகிறோம். காகிதத்தைப் பார்த்து வாசிக்கிற ஆள் இல்லை. ஆப்பிரிக்காவுக்குப் போன மிஷனரி லிவிங்ஸ்டன் கதையைக் காடு, சிங்கம் என்று தொடங்காமல் ஸ்காட்லாந்தில் பிளான்டயர் ஊர் பஞ்சு மில்லில் தொடங்கினார். பத்து வயசில் வேலைக்குச் சேர்ந்த பையன், காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் இரவு எட்டுக்குத்தான் வெளியே, மெஷின்மேல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு வரி படித்தவன். எனக்கு முன்வரிசையில் அவினாசிப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் சைடராக, அதாவது நூற்பு மெஷின் பார்ப்பவராக, இருக்கிற அக்கா ஒருவர் உட்கார்ந்திருந்தார். "ஏனுங்க ஐயா, புஸ்தகம் படிச்சுட்டு இருந்தா அறுந்த இழைய யாருங்க புடிக்கிறது?" என்றார். அந்தப் பையனுக்கு வேலையே அதுதானம்மா, அறுந்த நூலை ஒட்டுவது, நம்ம ஊர் பீசிங் என்று ஐயா சொன்னதும், "அப்ப அவன் ஒரு பக்கம்கூட படிச்சிருக்க முடியாதுங்க" என்று அடித்துப் பேசினார் அக்கா. ஹாலே சிரித்தது. நைஜீரியாவின் கலபார் பக்கம் இரட்டைக் குழந்தைகளைக் கொல்லும் வழக்கத்தை எதிர்த்து நின்ற மேரி ஸ்லெஸரும் 11 வயசில் டண்டி ஊர் சணல் மில்லுக்குப் போனவர்தான். மில் வாசனை தெரிந்த நம் ஊருக்கு இப்படித்தான் சொல்ல வேண்டும், அதில் ஐயா கெட்டிக்காரர்.

இன்னொரு விஷயமும் எனக்குப் புதுசு. லிவிங்ஸ்டனையும் அவர் மாமனார் மொஃபட்டையும் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய அதே லண்டன் மிஷன்தான் 1830-ல் ஆடிஸ் என்பவரைக் கோயமுத்தூருக்கு அனுப்பியிருக்கிறது. ஈரோட்டில் நாம் ஜவுளி எடுக்கப் போகும் பிரப் ரோட்டுக்குப் பேர் கொடுத்த பிரப் துரையும் அந்த மிஷன்காரர்தான்.

இங்கேதான் என் பெரிய குறை. லிவிங்ஸ்டனை விட்டு வகுப்பு நகரவே மாட்டேன் என்கிறது. வாரம் வாரமாக அவரேதான், அருவி, வரைபடம், காய்ச்சல். ஊழியக் கணக்கில் பார்த்தால் அவர் கையில் மதம் மாறியவர் என்று பேர் சொல்ல ஒரே ஒருவர், இன்றைய போட்ஸ்வானா பக்கத்து பக்வேனா மக்களின் தலைவர் செசெலே. 1848-ல் ஞானஸ்நானம். அதற்காக அஞ்சு மனைவியரில் நான்கு பேரை அவரவர் பிறந்த வீட்டுக்கு அனுப்பினார். அப்புறம் அனுப்பிய ஒருத்தி கர்ப்பம் என்று தெரிந்ததும் லிவிங்ஸ்டன் செசெலேயை இராப்போஜனத்திலிருந்து (சர்ச்சில் அப்பமும் ரசமும் பகிரும் சடங்கு) நிறுத்திவிட்டு, கொஞ்ச காலத்தில் வடக்கே பயணம் கிளம்பிவிட்டார். செசெலே விடவில்லை. தானே தன் ஜனங்களுக்குப் பைபிள் வாசித்தார், பிரசங்கம் செய்தார், கடைசிவரை. இந்த ஆளைப் பற்றி ஒரு முழு சாயங்காலம் பேசியிருக்கலாம், பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார் ஐயா.

மிஷனரிகள் வெள்ளைக்கார ஆட்சிக்குத் துணை போனார்களா என்ற கேள்வியை முதலில் நழுவவிட்டார். நான் எழுந்து கேட்டேன். பார்த்துக்கொண்டு வருகிறேன் என்றவர் அடுத்த வாரம் மழுப்பாமல் சொன்னார். 1888-ல் இன்றைய ஜிம்பாப்வே பக்கத்து என்டபெலே மன்னர் லோபெங்குலாவிடம், ஆங்கிலேயச் சுரங்க முதலாளி செசில் ரோட்ஸின் ஆட்கள் சுரங்க உரிமை எழுதி வாங்கினார்களே, மன்னருக்கு அந்தக் காகிதத்தை மொழிபெயர்த்துச் சொன்னவர் இதே லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் ஹெல்ம். பத்து பேருக்குமேல் தோண்ட வரமாட்டார்கள் என்பது வாய்ப்பேச்சு. காகிதத்தில் இருந்ததோ ராஜ்யத்தில் உள்ள கனிமம் முழுக்க. பத்திர ஆபீஸ் வாசலில் ஒருநாள் நின்றவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. அதற்குச் சில வருஷம் கழித்து காங்கோவில் ரப்பருக்காகக் கையை வெட்டிய கொடுமையைப் படம் எடுத்து உலகத்துக்குக் காட்டிய அலிஸ் ஹாரிஸும் மிஷனரிதான் என்பதையும் கூடவே சொன்னார். தன் பக்கத்துக் கறையை மறைக்காமல் எடுத்துப் போட்டதற்கே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ரெண்டாம் பாதிதான் சரக்கு. சாமுவேல் அஜாயி கிரௌதர், இன்றைய நைஜீரியாவில் உள்ள யொரூபா நாட்டுப் பையன், 1821-ல் அடிமை வியாபாரிகள் பிடித்துப் போகிறார்கள், மறு வருஷம் ஆங்கிலேயக் கடற்படை கப்பலை மறித்து மீட்கிறது. படித்துப் பாதிரியாராகி ஊர்ப்பக்கம் திரும்பியவருக்கு 1846-ல், அதாவது 25 வருஷம் கழித்து, பெற்ற தாய் கிடைக்கிறார். அந்த அம்மாவுக்கு 1848-ல் ஞானஸ்நானம். ஐயா இதைச் சொல்லும்போது சம்பளக் கவரோடு லேட்டாக வந்தவர்கள்கூட நின்றபடியே கேட்டார்கள். 1864-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்க பிஷப். யொரூபாவில் பைபிள். அப்படிப்பட்டவரை வயசான காலத்தில், 1890-ல், நேற்று வந்த வெள்ளைக்கார இளவட்டங்கள் கணக்குக் கேட்டு அவமானப்படுத்தினார்கள், அடுத்த வருஷக் கடைசியில் போய்ச் சேர்ந்தார், அவர் இடத்தில் வெள்ளைக்காரரையே போட்டார்கள். இந்த மாதிரிக் கோபத்தில்தான் அந்தக் காலத்தில் லாகோஸில் நாங்களே சபை நடத்திக்கொள்கிறோம் என்று தனியாகப் பிரிந்து போனார்கள். வளர்ச்சி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என் கணக்கில் பதில் இங்கேதான் இருக்கிறது.

வில்லியம் வேட் ஹாரிஸ் லைபீரியாக்காரர், ஜெயிலில் தரிசனம் கண்டவர். 1913-ல் வெள்ளை அங்கி, மூங்கில் சிலுவை, பைபிளோடு ஐவரி கோஸ்டுக்குள் நடந்தே போனார், கூடவே சுரைக்குடுக்கை ஆட்டிப் பாடும் பெண்கள். ஒன்றரை வருஷத்தில் லட்சம் பேருக்குமேல் ஞானஸ்நானம். அங்கே ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் நாடு கடத்திவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து 1924-ல் மெதடிஸ்ட் மிஷனரிகள் போனால், ஊர் ஊராகக் கோயில் கட்டி வைத்துக்கொண்டு சனம் காத்திருக்கிறது! காங்கோவில் சைமன் கிம்பாங்கு 1921-ல் பிரசங்கித்தது சில மாசம்தான், அங்கே ஆண்ட பெல்ஜியர்கள் உள்ளே தள்ளிய பிறகு 30 வருஷம் சிறை, 1951-ல் சிறையிலேயே சாவு. அவர் பேரில் உள்ள சபையில் இன்றைக்கு லட்சக்கணக்கில் ஆட்கள். இந்த ரெண்டு பேருக்கும் சேர்த்து வகுப்பில் ஒதுக்கியது ஒரே சாயங்காலம், அதிலும் நடுவில் கரண்ட் போய்விட்டது.

பனியன் எடுக்க வந்து பல வருஷமாக இங்கேயே இருக்கும் நைஜீரியாக்காரர் ஒருவர் பின்வரிசையில் உட்காருவார், பீஸ் ரேட் பேசுகிற அளவுக்குத் தமிழ் நன்றாகவே வரும். "அண்ணா, பாபலோலா எங்கே?" என்று ஒருநாள் கேட்டார். நோட்ஸில் இல்லை. ஐயாவே அவரை முன்னால் வரச் சொல்லிவிட்டார். ஜோசப் அயோ பாபலோலா ரோடு ரோலர் ஓட்டியவராம், 1928-ல் வேலையை விட்டுவிட்டு ஜெபத்துக்குப் போனவர், 1930-ல் இலேஷா ஊரில் அவரைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்களாம். 1918 விஷக்காய்ச்சலில் மருந்தும் மிஷனும் கைவிட்ட நேரத்தில் ஜெபத்தைப் பிடித்துக்கொண்ட சின்னக் குழுக்களிலிருந்து கிளம்பிய அலை இது. வெள்ளை அங்கி போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஆராதிக்கும் சபைகளும் அங்கே உண்டு என்றார். நம்ம கிராமத்துக் கோயில் மாதிரியே இருக்குதுங்க என்று சைடர் அக்கா சொன்னார். அன்றைக்குத்தான் வகுப்பு எட்டரை தாண்டியும் யாரும் எழுந்திருக்கவில்லை. வகுப்பு நடத்துகிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள், அவருக்கு ஒரு வாரம் முறையாகக் கொடுங்கள்.

நோட்ஸ் பற்றி. ஜெராக்ஸ் மங்கல், ஆப்பிரிக்க வரைபடம் பாதி கறுப்பாக விழுந்திருக்கிறது. கடைசிப் பக்கத்துக் கணக்கு மட்டும் தெளிவு: 1900-ல் கண்டம் முழுக்கச் சேர்த்து கிறித்தவர்கள் சுமார் ஒரு கோடி. 2020-ல், பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, உலகக் கிறித்தவர்களில் நூற்றுக்கு 31 பேர் சகாராவுக்குத் தெற்கே, ஐரோப்பாவில் 22 பேர்தான். இந்தப் பெருக்கத்தில் பெரும்பங்கு வெள்ளைக்கார ஆட்சி போன பிறகு நடந்தது. இதை முதல் வாரமே பலகையில் எழுதிப் போட்டிருந்தால் லிவிங்ஸ்டனுக்கு அவ்வளவு நேரம் கொடுக்க யாருக்கும் மனசு வந்திருக்காது.

அடுத்த சுற்று பொங்கல் கழிந்து என்கிறார்கள். முன்கூட்டிப் பணம் கட்ட வேண்டாம், ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கட்டலாம். மாடிப்படி குறுகல், பெரியவர்களைக் கூட்டிப் போனால் பார்த்துக் கூட்டிப் போங்கள். வண்டியை ஹால் வாசலில் விட்டால் எதிர்க்கடைக்காரர் சத்தம் போடுவார், பின்சந்தில் இடம் இருக்கிறது. பன் ஆறரைக்கே தீர்ந்துவிடுகிறது.